பிழை எண் ஒன்பது

"அந்தக் கடைசி வரிய மொதல்ல அழிங்க!"

ஓடுகிற பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒருவனிடம் இளவரசி பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

வெளியே ஐப்பசி மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. வில்லியனூரைத் தாண்டியதும் ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டார்கள். அந்த அரை இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம்... மூன்றாவது சீட்டில் ஒருவன் மடியில் விரித்து வைத்திருந்த லேப்டாப். கம்பியைப் பிடித்து நின்றிருந்த இளவரசியின் கண்ணுக்கு நேர் கீழே அந்தத் திரை. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள். பார்த்தபின் வாய் சும்மா இருக்கவில்லை.

அவன் நிமிர்ந்தான்.

வெயிலுக்குச் சுருங்கிப் பழகிய கண்கள். எப்போதும் தூரத்தில் எதையோ தேடுகிற மாதிரி... இப்போது அவை தேடி நின்ற இடம் அவள் முகம்.

"இன்னாங்க?"

"சர்வரோட சான்றிதழ சரிபார்க்க வேணாம்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே... அதைத்தான் சொல்றேன். அழிங்க."

"அடுத்தவங்க ஸ்கிரீன எட்டிப் பாக்கக் கூடாதுன்னு உங்க ஊருல சொல்லித் தரலையா?"

"எங்க ஊரு செலியமேடு. பஸ்ஸுல நிக்கறவங்க கண்ண மூடிக்கணும்னு அங்க யாரும் சொல்லித் தரலை."

பின்சீட்டில் கீரைக்கட்டுகளோடு இருந்த அம்மாள் 'களுக்'கென்று சிரித்தாள். அவன் காது சிவந்தது.

"இது டெம்பரவரிங்க. ரெண்டே நாளைக்கு..."

"சாவி சேரலைன்னு வூட்டுக் கதவையே கழட்டி வெச்சிட்டு, டெம்பரவரின்னு சொல்லுவீங்களா நீங்க?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. கோபம் இல்லை. ஏதோ ஞாபகம் வந்த திகைப்பு. "இத... இதே வார்த்தைய நான் எங்கயோ..." என்று ஆரம்பித்தான்.

டிரைவர் பிரேக் அடித்தார். லேப்டாப் வழுக்கியது. இளவரசி பாய்ந்து பிடித்தாள், அவனும் பிடித்தான், இரண்டு ஈரக் கைகளும் ஒன்றின்மேல் ஒன்று. ஒரு விநாடி. அதற்கு மேல் இல்லை. ஆனால் அந்த ஒரு விநாடி, கையை எடுத்த பிறகும் கையிலேயே இருந்தது.

'சே... இன்னிக்குப் போய் இது வேற!'

இன்றைக்கு அவளுக்கு ரசிக்க நேரமில்லை. மாலை நான்கு மணிக்கு வேலை போகப்போகிறது.

திருபுவனை தொழிற்பேட்டையில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. அதில் பராமரிப்புப் பிரிவில் மூன்று வருஷமாக வேலை. அங்கே குளிர் அறைகளில் தடுப்பூசி மருந்து இருக்கிறது. அறையின் வெப்பநிலையை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி குறித்துக்கொண்டு, பூட்டுப் போட்ட தகவலாக, மருந்து வாங்கும் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். எதிர்முனையில் இருப்பது அசல் சர்வர்தானா என்று பெட்டி முதலில் அடையாளச் சான்றிதழ் கேட்கும். சரியாக இருந்தால் பேசும். இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கணக்குப் போய்ச் சேராவிட்டால் மருந்து லாரி கிளம்ப முடியாது.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் இளவரசி புதுச் சான்றிதழ்களைப் பதித்தாள். பெட்டி நன்றாகத்தான் பேசியது. பூசை விடுமுறை முடிந்து திறந்த அன்று... மௌனம். திரையில் ஒரே வரி. 'சான்றிதழ் கோளாறு. நிர்வாகியை அணுகவும்.'

அவ்வளவுதான். அவள் பாஸ்வேர்டை முடக்கினார்கள். பெட்டிப் பக்கமே போகாதே என்றார்கள். 'என் கவனக்குறைவால் ஏற்பட்ட தவறு' என்று ஒரு கடிதம் தயாரானது. இன்று, சனிக்கிழமை, நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை இருக்கும். ஆனால் அந்தக் காகிதம் தணிக்கைக் கோப்பில் ஏறும், இந்தப் பேட்டையில் வேறு எந்தக் கம்பெனியும் அவளை ஒரு சுவிட்சைக்கூடத் தொட விடாது. போடாவிட்டால் வேலையே இருக்காது.

காலையில் அப்பா கலியபெருமாள் நாற்றங்காலுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "கையெழுத்துதானம்மா? போட்டுட்டு வந்துடு. வேலதான் முக்கியம்."

"பண்ணாத தப்புக்கு எப்படிப்பா போடுவேன்?"

"ஊரு ஒலகத்துல எல்லாரும் போடறதுதான்..."

"அப்ப ஊரு ஒலகம் போடட்டும்."

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திருபுவனை நிறுத்தத்தில் இறங்கினாள். அவனும் இறங்கினான். மழை வலுத்திருந்தது. பெரிய கறுப்புக் குடையை விரித்து, கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினான்.

"வரீங்களா? அந்த கேட்டு வரைக்கும்..."

"சரிபார்க்க வேணாம்னு சொல்றவரு குடையில நான் வர மாட்டேன்."

நனைந்துகொண்டே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் வந்த செருப்புச் சத்தம் அவள் கம்பெனி கேட்டுக்குள்ளேயே நுழைந்ததைக் கவனித்தாள்.

மேனேஜர் நாகராஜன் அறையில் அவனைப் பார்த்தபோது இளவரசிக்கு எரிச்சல் உச்சி வரை ஏறியது.

"வாம்மா. இவரு தமிழ்க்குமரன். நம்ம பொட்டிக்கு புரோகிராம் எழுதுன கம்பெனிக்காரரு. இப்ப ஒரு வரி மாத்துவாரு, பொட்டி பேசிடும், லாரி கெளம்பிடும். நீ கையெழுத்துப் போட்டா மேட்டர் முடிஞ்சுது."

"அந்த ஒரு வரிய நான் பஸ்ஸுலயே பாத்துட்டேன் சார். அது மாத்தறது இல்ல. பூட்டக் கழட்டறது."

தமிழ்க்குமரன் கடிதத்தின் அடியில் இருந்த பெயரைப் படித்தான். முகம் மாறியது.

"நீங்க... க. இளவரசியா?"

"எந்த நாட்டுக்குன்னு கேக்கப் போறீங்களா? அஞ்சாங்கிளாஸ்லயே கேட்டு முடிச்சுட்டாங்க."

"இல்லங்க. பதினோரு மெயில் போட்டது நீங்கதானான்னு கேக்க வந்தேன்."

ஒரு வருஷமாக அந்தக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 'உங்கள் புரோகிராம் கோளாறு என்று மட்டும் சொல்கிறது. என்ன கோளாறு என்று சொல்வதில்லை. தயவுசெய்து திருத்தவும்.' முதல் மெயிலில் 'தயவுசெய்து' இருந்தது. போகப் போக அது காணாமல் போய், பூட்டும் கதவும் வந்தன. ஒன்றுக்கும் பதில் இல்லை.

"அப்ப படிச்சிருக்கீங்க..."

"படிச்சேன்."

"பதில் போடத் தெரியாதா?"

அவன் தரையைப் பார்த்தான். "புரோகிராம் எழுதுனது நான். எங்கயோ ஒரு ஃபேக்டரியிலேர்ந்து ஒரு பொண்ணு தப்புன்னு சொன்னா... வீம்பு."

உண்மையைச் சொன்னான். சப்பைக்கட்டு கட்டவில்லை. அதற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"சார், எனக்கு அந்தப் பொட்டி முன்னாடி பத்து நிமிஷம் வேணும்" என்றாள் நாகராஜனிடம். "இவரு கூடவே நிக்கட்டும். நான் ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன். கேள்வி மட்டும் கேப்பேன்."

"நாலு மணிக்கு லாரி..."

"இப்ப மணி பத்து."

"அதெல்லாம் ஆவாது!"

"குடுங்க சார்" என்றது தமிழ்க்குமரனின் குரல். "அவங்க கேக்கறது நியாயம். கேள்வி கேக்கறதுல பொட்டிக்கு ஒண்ணும் ஆவாது."

மின்பலகை அறை. குளிர் இயந்திரங்களின் ஓயாத ரீங்காரம். சுவரில் கறுப்புப் பெட்டி. தன் பாஸ்வேர்டால் உள்ளே நுழைந்து, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான் அவன்.

"உங்க புரோகிராம் வேணாம்" என்றாள். "அது வாயத் தொறக்காது. அடியில இருக்கற ஓப்பன் எஸ்எஸ்எல்ல நேரா கேக்கலாம்."

உலகத்தில் பாதிப் பூட்டுகளைச் செய்கிற அந்த இலவச மென்பொருள்... யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். செலியமேட்டு வீட்டில், அறுவடை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் அதைத் தானாகப் படித்தவள். கட்டளையைத் தட்டினாள். சர்வரோடு கைகுலுக்கு; என்ன நடக்கிறது என்று சொல்.

வரிகள் ஓடின. நின்றன.

'பிழை எண் 9.'

"ஒன்பது..." அவன் குனிந்தான். அவன் மூச்சு அவள் தோளருகே. "ஒன்பதுன்னா..."

"சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சான்றிதழ் நடைமுறைக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. தவறான சான்றிதழாக இருந்தால் வேறு எண் வந்திருக்கும். காலாவதி ஆகியிருந்தால் பத்து வந்திருக்கும். ஒன்பது?

இளவரசியின் கண் பெட்டியின் நெற்றிக்குப் போனது.

அங்கே ஒரு பொட்டு.

சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் அழகாக உட்கார்ந்திருந்தது. தூசியே இல்லை. யாரோ பளபளவென்று துடைத்திருக்கிறார்கள்.

"நடேசண்ணே!" என்று கத்தினாள்.

எலக்ட்ரீஷியன் நடேசன் ஓடி வந்தார். "இன்னாம்மா?"

"பூசையன்னிக்கு இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சனே! எல்லா மிஷினுக்கும் வெக்கறோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? வருஷா வருஷம் வெக்கறதுதான்."

"தொடைக்கறப்ப சுவிட்ச ஆஃப் பண்ணீங்களா?"

"பின்ன? ஈரத்துணிம்மா. ஷாக் அடிச்சா எங்கூட்டுக்காரிக்கு நீயா பதில் சொல்லுவ?"

இளவரசி இன்னொரு கட்டளையைத் தட்டினாள். பெட்டியே, இன்றைக்கு என்ன தேதி?

பெட்டி சொன்னது: இரண்டாயிரமாவது ஆண்டு, ஜனவரி மாதம்.

தமிழ்க்குமரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் அடக்கி வைத்த அழுகையெல்லாம் அந்தச் சிரிப்பில் வந்தது... கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வருஷம் முழுக்க ஓய்வே இல்லாத பெட்டி அது. ஆயுத பூசைக்கு மட்டும் கால் மணி நேரம் அணையும். அந்தக் கால் மணி நேரம் நேரத்தைக் காப்பாற்ற உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. ஏழு வருஷம் உழைத்து, இந்த வருஷம் செத்துப்போனது. தேதி பின்னுக்கு ஓடியது. ரெண்டாயிரத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு இந்த வருஷச் சான்றிதழ் எதிர்காலத்துக் காகிதம்! தொழிற்சாலையின் பாதுகாப்புக்காக அந்த சர்வருக்குப் போகும் வழியைத் தவிர வெளி இணையம் மொத்தமும் அடைப்பு. சரியான மணி கேட்கவும் அதற்கு ஆளில்லை.

"ஒன்பதுன்னு ஓப்பன் எஸ்எஸ்எல் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றான் அவன் மெல்ல. "என் புரோகிராம் அத முழுங்கிட்டு, கோளாறுன்னு மட்டும் கத்தியிருக்கு."

"எழுதுனேனே... பதினோரு தடவ."

"எழுதுனீங்க."

"அண்ணே, அஞ்சு ரூபா காசு மாதிரி ஒரு பொத்தான் பேட்டரி வேணும், உடனே!"

நடேசன் ஒரு கணம் யோசித்தார். மறுகணம் மேனேஜர் அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் நாகராஜனின் கார் சாவி... அதன் வயிறு திறந்திருந்தது.

பேட்டரி உள்ளே போனது. தேதி திருத்தப்பட்டது. இளவரசி மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை பூஜ்யம். பிழை இல்லை. சரிபார்ப்பு அணையவில்லை, பூட்டு கழலவில்லை... பெட்டி பேசியது. தேங்கிக் கிடந்த கணக்கெல்லாம் மடமடவென்று கிளம்பிப் போனது.

அவன் அவளைப் பார்த்தான். திரையை அல்ல. அவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கே லாரி கிளம்பியது. ஆனால் அந்தக் கடிதம் நாகராஜன் மேஜையிலேயே இருந்தது.

"சந்தோஷம்மா. இப்ப சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு... தணிக்கைக்காரங்களுக்கு ஒரு கையெழுத்து காட்டணுமில்ல?"

"பொட்டி பேசிடுச்சு. காரணம் தெரிஞ்சிடுச்சு. அப்புறமும் என் கவனக்குறைவுன்னு போடணுமா?"

"யாராவது போட்டுத்தான ஆவணும்!" நாகராஜன் கண்கள் சுழன்று, கதவருகே நின்ற நடேசன் மேல் நின்றன. "சரி... சுவிட்ச அணைச்சது நீதானய்யா? நீ போடு."

நடேசனின் முகம் வெளுத்தது. கை தானாக ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிசைந்தது.

"அவரு போட மாட்டாரு" என்றாள் இளவரசி. குரல் உயரவில்லை. "ஏழு வருஷமா அந்தப் பொட்டிய மிஷினா மதிச்சு தொடச்சு பொட்டு வெச்சவரு அவரு ஒருத்தர்தான். பேட்டரி மாத்தணும்னு ஒரு தாள்லகூட யாரும் எழுதி வெக்கல. அவரு போட்டா நானும் வேலைய விட்டுட்டுப் போறேன். வேணும்னா இப்பவே எழுதிக்குங்க."

"இன்னாம்மா, மெரட்டுறியா?"

"தகவல் சொல்றேன் சார்."

பேனா மூடி திறக்கும் சத்தம். தமிழ்க்குமரன் அந்தக் கடிதத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தான். எழுதி முடித்து உரக்கப் படித்தான்: "பிழை என்ன என்பதை மறைக்கும்படி நான் எழுதிய புரோகிராமே இந்தத் தாமதத்துக்குக் காரணம். இதை ஒரு வருடத்தில் பதினோரு முறை சுட்டிக்காட்டியவர் க. இளவரசி. திருத்தாமல் விட்டவன் நான். இப்படிக்கு, தமிழ்க்குமரன்." கையெழுத்தைப் போட்டு மேஜையில் வைத்தான். "கையெழுத்துதான சார் வேணும்? வெச்சுக்குங்க. எங்க கம்பெனியில நான் பேசிக்கறேன்."

நாகராஜன் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக, "என் கார் சாவி எங்கய்யா?" என்றார்.

மாலை. திருபுவனை பஸ் நிறுத்தம். மழை மட்டும் விடவில்லை. நிழற்குடைக்குள் ஷிப்ட் முடிந்த கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. இளவரசி விளிம்பில் நின்றாள். பாதி உடம்பு மழையில்.

பக்கத்தில் அந்தக் கறுப்புக் குடை வந்து நின்றது.

"உங்கள யாரு எனக்காகக் கையெழுத்துப் போடச் சொன்னது?" என்றாள் திரும்பாமலே. "காப்பாத்த ஆள் வேணும்னு நான் கேட்டனா?"

"உங்களுக்காகப் போடல. தப்பு என்னுது, போட்டேன். நீங்க யாருன்னே தெரியாட்டியும் போட்டிருப்பேன்... போட்டிருக்கணும்."

இந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் பயமாக இருந்தது.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"நரம்பை. எங்கப்பா கடலுக்குப் போறவரு. நானும் போவேன்னு நெனச்சாரு... கம்ப்யூட்டரு பக்கம் போயிட்டேன்."

அதனால்தான் அந்தக் கண்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லுங்க."

"அந்த மெயிலெல்லாம் வர ஆரம்பிச்சதிலேர்ந்து... ஏதோ ஒரு மாதிரி... இன்னான்னு சரியா சொல்லத் தெரியல... உள்ள ஏதோ கோளாறு..."

இளவரசி சட்டென்று திரும்பினாள். இமையில் மழைத்துளி. கண்ணில் குறும்பும் கோபமும் பாதிப் பாதி.

"பாத்தீங்களா, இதான் உங்க வியாதி! கோளாறு, நிர்வாகியை அணுகவும்... இன்னா கோளாறு? எப்பலேர்ந்து? எதனால? தெளிவா சொல்லுங்க. இல்லன்னா பன்னெண்டாவது மெயில் வரும்."

அவன் சிரித்தான். மூச்சை இழுத்துக்கொண்டான்.

"எனக்கு க. இளவரசியப் புடிச்சிருக்கு. மொதல் மெயிலுக்குக் கோவம் வந்துச்சு. நாலாவதுக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுல ரெண்டு மாசம் ஒண்ணும் வரல... தெனம் காலையில மெயிலத் தொறந்து பாத்தேன். பதில் போடாததுக்கு மொதல்ல வீம்பு காரணம். அப்புறம் பயம்... பதில் போட்டா திட்டறத நிறுத்திடுவீங்களேன்னு. இன்னிக்கு பஸ்ஸுல கதவைக் கழட்டி வெச்சீங்களே, அப்பவே நீங்கதான்னு மனசு சொல்லிச்சு. போதுமா? இன்னும் தெளிவா வேணுமா?"

கூட்டம், மழை, லாரிகளின் ஹாரன்... எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டன. அவள் கன்னம் சுட்டது. ஒரே ஒரு அடி நகர்ந்து குடைக்குள் வந்தாள்.

கைப்பையில் போன் அடித்தது. அப்பா.

"கையெழுத்துப் போட்டியாம்மா?"

"போடலப்பா. வேலையும் போகல."

"அப்பாடா..." மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "மழ கொட்டுது. எங்க நிக்கற?"

"பஸ் ஸ்டாப்புல. குடைக்குள்ள."

"நீதான் குடையே எடுத்துட்டுப் போலியே?"

"என்னுது இல்லப்பா. நரம்பைக்காரரு ஒருத்தரோடது. கடலுக்குப் போற குடும்பம். தமிழ்க்குமரன்னு பேரு."

செலியமேட்டுக் கழனிக்காரர் வீட்டில் நரம்பைக்காரர் பெயர் இப்படி வந்ததில்லை.

"யாரும்மா அது?"

இளவரசி நிமிர்ந்து பார்த்தாள். சுருங்கிய அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. 'வேலையில தெரிஞ்சவரு' என்று சொல்லலாம். பொய்யில்லை. பொத்தாம்பொதுவாக, யாருக்கும் வலிக்காத ஒரு வரி. காரணத்தை முழுங்கிவிடும் வரி.

"எனக்குப் புடிச்சவருப்பா."



"...வூட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"வரேன்ப்பா. எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசலாம். திட்டறதுன்னாலும் திட்டுங்க. ஆனா நான் சொன்னது இதுதான். மாத்தி எழுத மாட்டேன்."

போனை வைத்தாள்.

குடை ஒரு பக்கம் சாய்ந்து, தமிழ்க்குமரன் தோளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது... எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்கப்பாகிட்ட சொல்லிட்டீங்க?"

"பக்கத்துலயேதான நின்னு கேட்டீங்க?" என்றாள் இளவரசி. "குடைய நேராப் புடிங்க. ரெண்டு பேரும் நனையறோம்."